ஒரு கோலி, இரு குடும்பம்
வன்தட்டைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வது எப்படி?

மும்பைத் தமிழர்களுக்குப் 'பார்ட்டிஷன்' என்ற சொல்லை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பத்துக்குப் பதினைந்து கோலியில் நடுவே ஒரு பிளைவுட் தட்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம், மோரி மட்டும் பொது என்று வாழ்ந்து பார்த்தவர்கள் நாம். தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, இன்று செம்பூரில் குடியிருக்கும் நானும் அப்படி ஒரு தட்டிக்குப் பின்னால்தான் பரீட்சைக்குப் படித்தேன். கணினியின் வன்தட்டைப் பிரிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். எங்கே தட்டி நிற்கிறது, எது யாருடைய பக்கம் என்று தெரியாமல் கை வைத்தால், அண்ணன் சாமான்கள் முழுவதும் தெருவுக்கு வந்துவிடும். அப்படி ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த வேலை இப்போது ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம்.

ஏன் இரண்டு?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். தாராவி 90 அடிச் சாலையை ஒட்டி நாங்கள் சிலர் நடத்தும் மாலைப் படிப்பு அறையில் இருக்கும் ஆறு கணினிகளில் ஒன்றுகூட அந்தத் தேர்வில் தேறவில்லை. எல்லாம் அலுவலகங்கள் கழித்துவிட்டவை. லேமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கியவை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குப்பைக்கு அனுப்ப மனம் வருமா?

லினக்ஸ் இந்தப் பழைய பெட்டிகளில் நன்றாகவே ஓடும். விலையில்லை; திருத்தங்கள் தொடர்ந்து வரும். ஆனால் விண்டோஸை அடியோடு விடவும் முடியவில்லை. கணக்கு எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு டாலி விண்டோஸில்தான் வேண்டும். நம் சங்கத்தின் பழைய மலர்களோ பேஜ்மேக்கரில், யுனிகோடு அல்லாத அந்தக்காலத் தமிழ் எழுத்துருக்களில் அச்சுக் கோக்கப்பட்டவை. அந்தக் கோப்புகளைத் திறக்க வேண்டுமானால் விண்டோஸ் ஓரமாகவாவது இருந்தாக வேண்டும். வலையோடு தொடர்புள்ள அன்றாட வேலைக்கு லினக்ஸ், பழைய வேலைக்கு இணையத் தொடர்பு இல்லாமல் விண்டோஸ் என்பதே எங்கள் ஏற்பாடு.

இதைச் சொன்னபோது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, ஒரே டப்பாவுல ரெண்டும் எப்படி ஓடும்? ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாதா?"

நல்ல கேள்வி. ஒரே நேரத்தில் இரண்டும் ஓடுவதில்லை. கணினியைப் போடும்போது எது வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கிறோம். அது மட்டும் விழித்துக்கொள்கிறது. மற்றது தன் பகுதியில் தூங்குகிறது. எனவே சண்டைக்கு இடமில்லை. ஆனால் தூங்குகிறவன் உடைமையை விழித்திருப்பவன் தொட முடியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வாசலில் ஒரு பெயர்ப்பலகை

வன்தட்டு என்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகளின் வரிசை. ஒவ்வோர் அறையிலும் மரபாக 512 பைட்டுகள் கொள்ளும். இவற்றுள் முதல் அறைக்கு மட்டும் தனி மதிப்பு உண்டு. 1983-இல் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. என்னும் கணினியை வெளியிட்டபோது வந்த ஏற்பாடு இது. எம்.பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த 512 பைட்டில் 446 பைட்டுகள், கணினி விழித்ததும் ஓட வேண்டிய முதல் நிரலுக்கு. அடுத்த 64 பைட்டுகள் பெயர்ப்பலகை. கடைசி 2 பைட்டுகள் 'இது செல்லும்' என்பதற்கான முத்திரை.

பெயர்ப்பலகையில் ஒரு பகுதிக்கு 16 பைட்டு வீதம் நான்கு வரிகள்தாம் எழுத முடியும். எங்கே தொடங்குகிறது, எத்தனை அறைகள் நீளம், என்ன வகை என்பவைதாம் அந்த வரியில் இருப்பவை. பழைய கணினிகளில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் பிரிக்க முடியாததற்குக் காரணம் இதுவே. நான்கில் ஒன்றை 'நீட்டிக்கப்பட்ட பகுதி' என்று ஆக்கி, அதற்குள்ளே மேலும் தட்டிகள் அடித்துக்கொள்வது பின்னால் வந்த உபாயம். அறை எண்ணை 32 பிட்டுகளில் எழுதுவதால், ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டை இந்தப் பலகையால் முழுதும் ஆள முடியாது.

புதிய கணினிகளில் இருப்பது ஜி.பி.டி. என்ற முறை. இதில் வழக்கமாக 128 வரிகள் எழுதலாம். அதோடு, பலகையின் மற்றொரு படி வன்தட்டின் கடைசியிலும் வைக்கப்படுகிறது. சொசைட்டி ஆபீஸில் ஒரு பதிவேடு, செயலாளர் வீட்டில் ஒரு நகல் என்பது போல. ஒன்று கெட்டாலும் மற்றொன்றைக் கொண்டு சரிசெய்யலாம்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பகுதி பிரிப்பது வேறு, ஃபார்மட் செய்வது வேறு. பிரிப்பது பலகையில் ஒரு வரி எழுதுவது. ஃபார்மட் செய்வது அந்த அறைக்குள் அலமாரி அடித்து, எது எங்கே என்று அட்டவணை போடுவது. விண்டோஸின் அலமாரிக்கு என்.டி.எஃப்.எஸ். என்று பெயர். லினக்ஸில் பெரும்பாலும் எக்ஸ்ட்4. லினக்ஸுக்கு இரண்டையும் படிக்கத் தெரியும். விண்டோஸுக்குத் தன்னுடையது மட்டுமே இயல்பாகத் தெரியும். அதனால் சில வேளைகளில் லினக்ஸ் பகுதியைப் பார்த்து, 'இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று அது கேட்கும். தெரியாத மொழிக் கடிதத்தைக் குப்பை என்று நினைப்பது போன்ற பிழை இது. ஒருபோதும் 'ஆம்' என்று அழுத்தாதீர்கள்.

காவல்காரன் எங்கே உட்காருகிறான்?

எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டு உள்ளே அனுப்பும் சிறு நிரலைக் காவல்காரன் எனலாம். லினக்ஸ் உலகில் அவன் பெயர் கிரப். பழைய முறைக் கணினியில் அவனுடைய முதல் பாகம் அந்த 446 பைட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் முழு ஆளும் அடங்க மாட்டான். எனவே மிச்சம் லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும்.

இது தெரியாமல் போனதால் வந்த வினை ஒன்றைச் சொல்கிறேன். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளை நாம் எல்லோரும் அறிவோம். அவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தன. தமிழ்ப் பிள்ளைகள் பலர் கையில் இரட்டை இயங்குதளம் கிடைத்தது முதன்முதலாக அப்போதுதான். கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த உறவுப் பையன் ஒருவன் அந்த மடிக்கணினியோடு என்னிடம் வந்தான். "மாமா, லினக்ஸ் சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு. விண்டோஸ்ல இருந்து டிலீட் பண்ணிட்டேன். இப்ப எதுவுமே வரமாட்டேங்குது" என்றான். திரையில் கிரப் ரெஸ்க்யூ என்ற இரண்டு சொற்கள் மட்டும் கருப்பில் வெள்ளையாக நின்றன.

காவல்காரனின் தலை வாசலில் இருக்கிறது. உடம்பு இருந்த அறையை இடித்துவிட்டார்கள். விண்டோஸ் பத்திரமாகத்தான் இருந்தது; உள்ளே அனுப்பத்தான் ஆள் இல்லை. விண்டோஸ் குறுந்தகட்டால் அதன் சொந்தக் காவல்காரனை வாசலில் மீண்டும் உட்கார வைத்தேன். இருபது நிமிட வேலை. ஆனால் பையன் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறான்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். லினக்ஸ் இருக்கும் பழைய முறைக் கணினியில் பிறகு விண்டோஸைப் போட்டால், அது கிரப்பை எழுப்பிவிட்டுத் தன் ஆளை உட்கார வைக்கும். லினக்ஸ் காணாமல் போனது போலத் தோன்றும். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையைப் பெரியவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறைக் கணினிகளில் காவல்காரர்களுக்கென்றே ஒரு சிறு பகுதி தனியாக உண்டு. இருவரும் அங்கே தனித்தனி நாற்காலியில் உட்காருவதால் இந்தத் தகராறு குறைவு. அந்தப் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்துவிடக் கூடாது.

நான் செய்த தவறு

2007-ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் பகுதிப் பெரியவர்கள் சிலரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினேன். ஊரில் மழை இல்லாமல் ரயிலேறியது, தோல் பதனிடும் வேலைக்குச் சேர்ந்தது, சேற்றில் மண் கொட்டிக் குடிசை போட்டது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காலம் இருந்தது. மொத்தம் 14 பதிவுகள். எல்லாம் என் கணினியின் டி டிரைவில் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

2009-இல் உபுண்டு லினக்ஸின் குறுந்தகடு ஒன்று தபாலில் வந்தது. அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகவே அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், வன்தட்டில் 20 ஜிகாபைட் காலி இடம் ஒதுக்கிவிட்டு நிறுவத் தொடங்கினேன். ஒரு கட்டத்தில் 'முழு வட்டையும் பயன்படுத்து' என்ற தேர்வு வந்தது. நான் ஒதுக்கிய காலி இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்று நானாகவே பொருள் செய்துகொண்டு அழுத்தினேன். அது சொன்ன சொல்லைச் செய்தது. சி, டி இரண்டும் பலகையிலிருந்து போயின. அதன்மேல் புதிய அலமாரிகளும் அடிக்கப்பட்டன.

பலகை அழிந்தால் மட்டும் அறைக்குள் இருப்பது அழிவதில்லை என்பதால், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்னும் மீட்பு நிரல்களை வைத்து மூன்று இரவுகள் தேடினேன். பெயரில்லாத துண்டுகளாக ஐந்து பதிவுகள் கிடைத்தன. முழுமையாக இருந்தவை மூன்று. மற்றவை இருந்த இடத்தில் புதிய இயங்குதளம் உட்கார்ந்துவிட்டது.

தொலைந்த ஒன்பது பேரில் இருவர் அதற்குள் காலமாகியிருந்தார்கள். ஒருவருடைய மகன் என்னிடம் வந்து, "அப்பா கொரல் ஒங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்க, ஒரு சிடியில போட்டுத் தாங்க" என்று கேட்டபோது நான் நின்ற நிலையை எழுத விரும்பவில்லை. உயிரோடு இருந்த ஓர் ஆச்சியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "போனா போவுது, நாந்தான் இருக்கேன்ல, இன்னொருக்கா கேளு" என்றார். கேட்டேன். முதல் தடவை அழுதுகொண்டே சொன்ன இடத்தை, இரண்டாம் தடவை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். அந்தப் பதிவு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இது நேர்ந்திருக்கிறது. 1991-இல் அவர் தம் கணினியில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தையும் தாம் எழுதிக்கொண்டிருந்த லினக்ஸையும் வைத்திருந்தார். மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறிப்போய் வன்தட்டுக்கே அனுப்பி, மினிக்ஸ் பகுதியைக் கெடுத்துக்கொண்டார். அதை மீண்டும் நிறுவாமல், இனி லினக்ஸ் ஒன்றே போதும் என்று முடிவு செய்தார். உலகுக்கு அது நன்மையாக முடிந்தது. நம் வீட்டுத் தவறுகள் பெரும்பாலும் அப்படி முடிவதில்லை.

செய்முறை

இனி ஒழுங்காகச் செய்யும் முறையைக் காண்போம்.

1. நகல் எடுங்கள். புகைப்படம், கணக்கு, சான்றிதழ் எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் படி எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல. எடுத்தபின் அந்த வெளி வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

2. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதை நிறுத்துங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த வசதி இது. இது இயக்கத்தில் இருந்தால், கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அரைத் தூக்கத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் அதன் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையும். வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், மீட்புச் சாவி எண்ணை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. விண்டோஸ் பகுதியை விண்டோஸை வைத்தே சுருக்குங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க் வால்யூம்' என்று இருக்கும். பாதி இடம் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று அது சொல்லலாம். நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷனையும் பேஜிங் கோப்பையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள்.

4. இடத்தைக் கணக்கிடுங்கள். 500 ஜிகாபைட் என்று விற்கும் வன்தட்டு கணினியில் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கத்தில் எண்ணுகிறார். விண்டோஸ் 1024-இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. எங்கள் அறையில் விண்டோஸுக்கு 150, லினக்ஸுக்கு 50, நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு 8, மீதி ஏறத்தாழ 255 இருவருக்கும் பொதுவான கிடங்கு என்று பிரித்தோம். பொதுக் கிடங்கு என்.டி.எஃப்.எஸ். ஆக இருக்கட்டும், அப்போதுதான் இருவரும் படிக்கலாம், எழுதலாம். நம் கோலியின் மோரி போல.

5. லினக்ஸை யு.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, முதலில் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். விண்டோஸ் எந்த முறையில் விழிக்கிறதோ, அதே முறையில் குச்சியும் விழிக்க வேண்டும். ஒன்று பழைய பயாஸ், மற்றது யு.இ.எஃப்.ஐ. என்று இருந்தால் காவல்காரனால் இருவரையும் பார்க்க முடியாது.

6. நிறுவும்போது, நீங்களே பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் வழியை எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் அளவையும் உங்கள் தாளில் உள்ள கணக்கோடு ஒப்பிடுங்கள். 'ஃபார்மட்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருப்பது லினக்ஸ் பகுதிக்கு மட்டும்தானா என்று இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் என் பதிவுகள் பிழைத்திருக்கும்.

7. பகுதியைச் சுருக்கும்போதும் நகர்த்தும்போதும் மின்சாரம் போகக் கூடாது. மடிக்கணினியானால் மின்கலம் நிறைந்திருக்கட்டும். மேசைக் கணினியானால் யு.பி.எஸ். வேண்டும். மும்பையில் கரண்டு போகாது என்று பெருமைப்படுவோம். 2020 அக்டோபர் 12-ஐ மறந்துவிட வேண்டாம். ஊரே இருண்டது அன்று.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேடிக்கை நடக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளுமாறு லினக்ஸுக்கு ஒரு முறை சொன்னால் போதும்.

நம் பிள்ளைகளுக்கு

லினக்ஸின் முகப்பையும் பட்டியல்களையும் பெருமளவு தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. மராத்தியும் ஆங்கிலமும் பள்ளியில் படிக்கும் தாராவிப் பிள்ளை, 'கோப்பு', 'திருத்து', 'சேமி' என்ற சொற்களைத் திரையில் பார்க்கும்போது தாய்மொழி வீட்டுச் சமையலறைக்கு மட்டும் உரியதன்று என்று உணர்கிறது. பவாயில் உள்ள ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில், லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன.

எங்கள் ஆறு கணினிகளில் நான்கை மாணவர்களே பிரித்தார்கள். நான் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவரும் கடைசிப் பொத்தானை அழுத்துமுன் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "நகல் எங்கே இருக்கு?"

பரணில் கிடக்கும் பழைய கணினியைக் கழித்துப்போட எண்ணும் அன்பர்கள், அதற்கு முன் ஒரு மாலை எங்கள் படிப்பு அறைக்குக் கொண்டு வாருங்கள். அதில் அப்பா அம்மா குரலோ, ஊர்க் கல்யாணப் படமோ இருந்தால், முதலில் அதை எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் தட்டி அடிப்போம்.